கட்டைவிரல் தீர்ப்பு

என் வீட்டுக்காரரை ஊரில் 'உடைப்பார்' என்றுதான் சொல்வார்கள். பழைய கண்ணாடிப் பாத்திரம் எது, பழசு மாதிரி செய்தது எது என்று பார்த்து விலை சொல்வது அவர் தொழில். கடை வாசலில் ஒரு கருங்கல். உள்ளே வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்: போலி என்றால் அந்தக் கல்லில் போட்டு உடைப்பேன், சம்மதம் என்றால் கொடு. அவர் கையிலிருந்து முழுசாகத் திரும்பி வந்த பாத்திரத்துக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. எத்தனை பேர் அந்தக் கல் முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள்! இவர் கல்லைத் துடைத்துவிட்டுச் சாப்பிட வந்துவிடுவார்.

பார்க்கும் விதமும் தனி. கண்ணை மூடிக்கொள்வார். பாத்திரத்தின் அடியில் கட்டைவிரலை வைத்துத் தடவுவார். வாயால் ஊதிச் செய்த பாத்திரத்தின் அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் அதன் விளிம்பை உருட்டிச் சீராக்குவார்கள். பிறகு கம்பியை ஒடித்துவிடுவார்கள். ஒடித்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு நிற்கும். அச்சில் வார்த்த போலியில் அது இருக்காது.

"கண்ண நம்பினா கெட்டோம்டி. எனக்கு விரல்தான்" என்பார்.

அந்த விரலில் உணர்ச்சி செத்து நாலு மாதம் ஆகிறது. சர்க்கரை நோய். ஒருநாள் மேஜைத்துணியெல்லாம் ரத்தம். அவர் பாட்டுக்கு என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார், கட்டைவிரலில் ஒரு கண்ணாடிச் சில்லு பாதி உள்ளே போயிருக்கிறது. நான்தான் பிடுங்கினேன். மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் தன் கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தாள். புருஷன் செத்த பிறகு பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவள் தலையில். கடைப்பக்கம் அவளை நாங்கள் விட்டதே இல்லை. அடுத்த தெருவில் ஒற்றை அறை ஒன்று பார்த்துவிட்டாளாம். ஜன்னல் இருக்கிறதாம், தையல் மெஷின் போட இடம் இருக்கிறதாம். ஜாடியை விற்றால் முன்பணம் தேறிவிடும், வாங்க ஆளும் தயார். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உன் புருஷன் வாங்கினதா? அந்த வாய்ச்சவடாலு வாங்கினது எங்க உருப்பட்டிருக்கு" என்றார் இவர்.

"போலின்னா திருப்பிக் குடுத்துருண்ணா. உடைக்க மட்டும் வேணாம். அவரு ஞாபகமா அது ஒண்ணுதான் இருக்கு."

"ஊருக்கு ஒரு சட்டம், கூடப்பொறந்தவளுக்கு ஒரு சட்டமா? இஷ்டமில்லன்னா எடுத்துட்டுப் போ."

எடுத்துப் போய் என்ன செய்வாள்? இவர் பார்க்காத பாத்திரத்தை எவனும் தொடமாட்டான். கொடுத்தாள்.

அவர் கண்ணை மூடினார். ஜாடியைச் சாய்த்து விரலை வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. தழும்பு, காசு அளவுக்கு, சொரசொரவென்று. அதன் மேலேயே அவர் விரல் போய்ப் போய் வந்தது.

"வழவழன்னு இருக்கு" என்றார்.

"அச்சுல வார்த்திருந்தா பக்கவாட்டுல ஒரு கோடு இருக்கணுமாமே, இதுல இல்லையே அண்ணா?" ஜாடியை வாங்கவிருந்த ஆள் அந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருப்பான் போல.

"தேய்ச்சு அழிச்சிருப்பானுங்க. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஒரு வார்த்தை. "என்னங்க, கண்ணத் தொறந்து பாருங்க" என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. சத்தியத்துக்குப் பயந்து சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அவள் போய்விட்டால் விடிந்ததிலிருந்து அடுப்படியில் சாகப்போவது யார் என்பதுதான் என் மனசில் ஓடியது. நான் நல்லவள் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

கல்லில் போட்டார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அவர் குனிந்து பார்த்தார். ஒரு சில்லு தடிமனாக, ஒன்று காகிதமாக. உள்ளே இழுத்துவிட்ட மாதிரி நீளக் குமிழிகள். வாயால் ஊதிய கண்ணாடிதான் அப்படி இருக்கும். அடித்துண்டு உடையாமல் தழும்போடு மல்லாந்து கிடந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் நாங்கள் ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

"போலிதான். பெருக்கிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவளே துடைப்பம் எடுத்து வந்தாள். அழுதுகொண்டே சில்லுகளைக் கூட்டியவள், அடித்துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணி, இதென்ன இங்க சொரசொரன்னு வட்டமா இருக்கு?"

"உடைஞ்சதுல அப்படி ஆயிருக்கும். போடு, கையக் கிழிச்சுக்காத."

போட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவம், அண்ணனுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். டீ போட்டுத் தரவா அண்ணி?"

"போடு" என்றேன். "அவருக்குச் சக்கரை மட்டும் வேணாம்."