எழில்மதி வாபஸ் வாங்கிய நட்சத்திரம்

உங்கள் முகம் பன்னிரண்டடி ஃபிளெக்ஸில் பேருந்து நிறுத்தத்தின் அருகே சிரித்துக்கொண்டிருக்கும்போது, "நான் சொன்னது தப்பு" என்று நீங்கள் எப்போதாவது மைக்கில் சொல்லியிருக்கிறீர்களா? யாரும் கேட்காதபோது? யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று தெரிந்தபோது?

அரசியல்வாதிகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஜோசியர்களும் வேண்டாம். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் வடக்குத்து எழில்மதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எழில்மதி இயற்பியலில் எம்.எஸ்சி. படித்தவர். நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறார். அப்பாவின் பெயர் பாவாடை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியையும் சேற்றையும் மண்வெட்டியால் அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவர் வேலை. பெல்ட் தினமும் சிந்துகிறது, அவரும் தினமும் அள்ளுகிறார். வேலை நிரந்தரமாகவும் வேலை செய்பவர் தற்காலிகமாகவும் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் கான்ட்ராக்ட் என்று பெயர். பாவாடையின் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் போனபோது நிலம் வைத்திருந்தவர்களிடம் நஷ்டஈடு கேட்கவாவது ஒரு பட்டா இருந்தது. இவர்களிடம் கதிர் அரிவாள்தான் இருந்தது. அரிவாளுக்கு யாரும் நஷ்டஈடு தருவதில்லை.

டியூஷன் இல்லாத நேரத்தில் எழில்மதி பல்சர் தேடுகிறார்.

பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடித்துச் செத்தால், சில சமயம் அதன் நடுப்பகுதி மட்டும் இறுகிப்போய் மிஞ்சும். எடை நம் சூரியனைவிட அதிகம். குறுக்களவோ ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், நெய்வேலிக்கும் குள்ளஞ்சாவடிக்கும் நடுவில் உள்ள தூரம்தான். அது தன்னைத்தானே அசுர வேகத்தில் சுற்றும். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து முகத்தில் அடிப்பதுபோல, அதன் ரேடியோ அலை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பூமியைத் தொட்டுவிட்டுப் போகும். அதைத்தான் பல்சரின் துடிப்பு என்கிறோம்.

இதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. ரேடியோ தொலைநோக்கிகளின் பெரிய தட்டுகள் வானத்திலிருந்து வரும் இரைச்சலைப் பதிவுசெய்கின்றன. அந்த இரைச்சலுக்குள் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருவது எதுவானாலும் கணினி அதைப் பிடித்து ஒரு படமாக வரைந்து கொடுக்கிறது. படங்கள் லட்சக்கணக்கில் குவிகின்றன. ஏறக்குறைய எல்லாம் குப்பை: செல்போன் டவர், விமான நிலைய ரேடார், செயற்கைக்கோள். குப்பையிலிருந்து நட்சத்திரத்தைப் பிரிக்க மென்பொருள் மட்டும் போதாமல், சில ஆய்வுக் குழுக்கள் படங்களை இணையத்தில் வைத்துப் பொதுமக்களின் உதவியைக் கேட்கின்றன. நம் நாட்டுத் தொலைநோக்கி ஒன்றை வைத்து நடக்கும் அப்படி ஒரு திட்டத்தில் எழில்மதி செல்போன் வழியாகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. ஆனால் யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்றும் யாரும் கேட்கவில்லை.

போன வருடம் அவர் கண்ணில் ஒரு படம் பட்டது. நாற்பது மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு. வானத்தின் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பல்சர் எந்தப் பட்டியலிலும் இல்லை. திட்டக் குழுவுக்குத் தெரிவித்தார். "கவனத்துக்குரியது. மறுபடி ஆராயப்படும்" என்று பதில் வந்தது. எழில்மதி அதை மறுபடி ஆராயப்படும் என்றே புரிந்துகொண்டார். தாய்மாமன் கலைச்செல்வன் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

கலைச்செல்வனுக்குச் சொந்தமாக ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. நல்ல செய்தி என்றால் அவருக்கு அது ஓர் அளவு: எட்டுக்கு ஆறு, அல்லது பன்னிரண்டுக்கு எட்டு. இது பன்னிரண்டுக்கு எட்டு. "விண்ணை வென்ற வடக்குத்து மண்ணின் மகளே!" என்ற வரிக்குக் கீழே எழில்மதி, பின்னால் சனிக்கோள், ஓரத்தில் ஒரு ராக்கெட்.

"மாமா, இது இன்னும் கன்ஃபர்ம் ஆவல மாமா."

"ஆவுறப்ப இன்னொண்ணு அடிச்சிகினா போச்சி. நீ கம்முனு இரு."

"ராக்கெட்டு எதுக்கு? நான் ராக்கெட்டே வுடலியே."

"அந்த மூலையில எடம் காலியா இருந்திச்சி."

ஃபிளெக்ஸைப் பார்த்த முதல் வாரத்திலேயே ஒரு ஜோசியர் வீடு தேடி வந்து, புது நட்சத்திரம் எந்த ராசியில் உட்காருகிறது என்று விசாரித்தார். அது யார் தலைவிதியிலும் உட்காரவில்லை என்று எழில்மதி சொன்னதும், பிறந்த நேரம் தெரியாததால்தான் அப்படி என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் ஜெயகணேஷ். சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்குள் இருக்கும் அறிவியல் மன்றத்தின் செயலாளர், சுரங்கத்தில் அதிகாரி. மன்றத்தில் ஒரு கணினி அறை உண்டு. பெரிய கணினி, வேகமான இணைப்பு, ஏசி. பெர்மனெண்ட் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது விதி. அவர்களும் பயன்படுத்துகிறார்கள். டவுன்ஷிப் பிளாக்குகளில் உள்ள பிள்ளைகள் அதில் கார் ரேஸ் ஓட்டுகிறார்கள். விதியில் ஒரே ஒரு சந்து இருந்தது: "சிறப்புச் சாதனை புரிந்த வெளியாருக்குத் தற்காலிக அனுமதி வழங்கலாம்." ஜெயகணேஷின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எழில்மதியின் குடும்பம் வடக்குத்தை விட்டு எங்கும் போனதில்லை. எனவே வெளியார் எழில்மதி. தற்காலிக பாஸும் அவருக்கே.

அந்த அறை அவருக்குத் தேவைப்பட்டது. படத்தைப் பார்க்கச் செல்போன் போதும். படத்துக்குப் பின்னால் இருக்கும் மூலப் பதிவைத் தோண்ட வேண்டுமானால் அவருடைய பழைய லேப்டாப் திறக்கும்போதே மூச்சுவாங்கி நின்றுவிடும். பாஸ் கிடைத்த அன்றே போய் உட்கார்ந்தார். வெவ்வேறு நாள்களில் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டார். துடிப்பின் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. ஒருநாள் நாற்பதுக்குச் சற்று மேலே, ஒருநாள் சற்றுக் கீழே. பல்சர் இப்படித் தள்ளாடினால் அதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு: பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று சுற்றும். ஜோடி பல்சர் கிடைப்பது அரிது. எழில்மதி அன்று சாப்பிட மறந்துபோனார்.

கலைச்செல்வன் மறக்கவில்லை. இரண்டாவது ஃபிளெக்ஸ் அடித்தார். பக்கத்து வீட்டுச் சாமியம்மாள் அதை நிதானமாகப் படித்துவிட்டு எழில்மதியைக் கூப்பிட்டார்.

"ஏண்டிம்மா, அந்த நட்சத்திரத்துக்கே ஒரு ஜோடி கெடச்சிப்போச்சி. ஒனக்கு எப்ப?"

"அதுக்கு ஜாதகம் பாக்கலியே சின்னம்மா. அதான் சீக்கிரம் அமைஞ்சிடுச்சி."

மன்றத்தின் ஆண்டு விழாவில் எழில்மதிக்குப் பாராட்டு என்று முடிவானது. விழா முடிந்ததும் அவருடைய பாஸை நிரந்தரமாக்க செயற்குழு ஒப்புக்கொண்டிருந்தது. நிரந்தரம் என்ற சொல் பாவாடை குடும்பத்தின் பக்கத்தில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஜெயகணேஷ் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"மில்லிசெகண்ட் எல்லாம் வேண்டாம்மா. பப்ளிக் வராங்க. ஒரு செகண்டுக்கு எத்தனை சுத்து? அது போதும். சிம்பிளா சொல்லுங்க."

பல்சர் துறையில் யாரும் சிம்பிளாகச் சொல்வதில்லை. எல்லாம் இடைவெளியில்தான், மில்லிசெகண்டில்தான். அதனால் எழில்மதி அதுவரை ஆயிரம் மில்லிசெகண்டை நாற்பதால் வகுக்கும் அந்தக் கணக்கைச் செய்து பார்த்திருக்கவில்லை. அன்று மத்தியானம், பின்னால் இரண்டு பிள்ளைகள் கார் ஓட்டிக்கொண்டிருக்க, செய்து பார்த்தார். வினாடிக்கு ஏறக்குறைய இருபத்தைந்து.

இருபத்தைந்தை இரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்பது நெய்வேலிப் பக்கத்தில் பிறந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை அலைந்து ஓடுகிறது. ஐம்பது என்பது இலக்கு. நாடே விளக்கையும் மோட்டாரையும் போடும்போது கொஞ்சம் இறங்கும், அணைக்கும்போது கொஞ்சம் ஏறும். அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் சிவப்பு எழுத்தில் அந்த எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மழையைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசும் ஊர் இது.

நாட்டின் மின்வலையில் (கிரிட்) இந்த அதிர்வெண் எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு இணையத்தில் கிடைக்கிறது. எழில்மதி தன் பல்சரின் தள்ளாட்டத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு ஏறி இறங்கின. தொலைநோக்கிக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு மின்கம்பி பொறி தட்டியிருக்கிறது. கணினி இரண்டு துடிப்பை ஒன்றாக எண்ணியிருக்கிறது. ஐம்பதைத் தள்ளிவிடும் வடிகட்டி இருபத்தைந்தைச் சந்தேகப்படவில்லை. நிஜப் பல்சராக இருந்தால் விண்வெளியைக் கடந்து வரும்போது தாழ்ந்த அலைவரிசை சற்றுத் தாமதமாக வந்துசேரும். அந்தத் தாமதம் இந்தப் படத்தில் மங்கலாகத் தெரிவதாக அவர் நம்பியிருந்தார். மறுபடி பார்த்தார். தெரியவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே மின்வலை. மாபெரும் தொலைநோக்கியின் உதவியால் எழில்மதி கண்டுபிடித்தது அந்த வலையை, அதில் ஓடும் நெய்வேலி மின்சாரத்தையும் சேர்த்து. நட்சத்திரத்தை ஆட்டிவைத்த ஜோடி, சாயங்காலம் சுவிட்ச் போடும் நாம்தான்.

உடனே ஜெயகணேஷிடம் போய்ச் சொன்னார். அவர் மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த டீமுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இப்பதாங்க சார் மெயில் போட்டேன்."

"அது போதுமே. அவங்க செக் பண்ணிச் சொல்ல மாசக்கணக்கு ஆகும். விழா அடுத்த வாரம். அதுவரைக்கும் நாம ஏன் வாயத் தொறக்கணும்?"

"மேடையில என்னா சார் பேசுறது?"

"பொதுவா பேசுங்க. பெண் கல்வி, தன்னம்பிக்கை." குரலைத் தாழ்த்தினார். "நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சாதனை இல்லேன்னா பாஸ் இல்ல. ரூல் அப்படி. நான் எழுதுன ரூல் இல்ல."

வீட்டில் பாவாடையும் அதையே வேறு மொழியில் சொன்னார்.

"யம்மா, நீ பொய்யி சொல்ல வேணாம். சொல்லாம இருந்தா இன்னா? அந்த ரூம்பு போயிடுமேம்மா."

"எனக்கும் தெரியுதுப்பா."

"நான் இத்தினி வருசமா சும்மாதான இருந்துகினு இருக்கிறேன். இன்னா கெட்டுப்போச்சி?"

கேட்டுவிட்டுப் பாவாடை தானே, "சரி, அத வுடு" என்றார். கலைச்செல்வன் மட்டும் விடவில்லை.

"கெரகம். அப்ப ரெண்டு ஃபிளெக்ஸும் வேஸ்ட்டா?"

"சைசு நல்லா இருக்குது மாமா. ஆட்டுக்கொட்டாயிக்கு ஆவும்."

விழாவுக்குக் கூட்டம் நன்றாக வந்திருந்தது. பாராட்டுரைகள் முடிந்து எழில்மதி மைக்கைப் பிடித்தார். பெண் கல்வி பற்றிப் பேசவில்லை. பல்சர் என்றால் என்ன, தான் பார்த்தது என்ன, அதை இருபத்தைந்தை வைத்து எப்படி அடையாளம் கண்டார் என்று வரிசையாகச் சொன்னார். "அதனால இது நட்சத்திரம் இல்லீங்க. கரண்டு. நான் சொன்னது தப்பு" என்று முடித்தார்.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்தக் கரண்டு? நம்ம கரண்டா?"

"நம்மதும் சேந்துதாங்க."

கைதட்டல் எழுந்தது. நட்சத்திரத்துக்குக் கிடைத்ததைவிட அதிகம். பொன்னாடையை ஏற்கனவே பிரித்துவிட்டதால் அதையும் போர்த்தினார்கள்.

அடுத்த வாரம் பாஸ் ரத்தானது. "சாதனை உறுதிப்படாத நிலையில்" என்று வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள். நேர்மையைச் சாதனையில் சேர்க்க விதியில் இடமில்லை. ஜோசியர்களின் பலகை எதுவும் பலன் தவறியதற்காக இந்த ஊரில் இதுவரை இறக்கப்பட்டதில்லை. தன் தவறைத் தானே சொன்னவருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. அறையில் இப்போதும் கார் ரேஸ் நடக்கிறது.

திட்டக் குழுவிடமிருந்து பதில் வந்தது. எழில்மதி சொன்னபடி இருபத்தைந்தையும் வடிகட்டியில் சேர்த்துவிட்டார்கள். அதோடு, மின்சாரக் குறுக்கீடுகளைப் பிடித்துக் கழிக்கும் சிறு குழுவில் சேருகிறீர்களா என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு மூலப் பதிவுகளைத் திறந்தாக வேண்டும். எழில்மதி இன்னும் பதில் எழுதவில்லை. அவருடைய லேப்டாப்பில் அவை திறக்கவில்லை.

அவர் உழைப்பாளி மகள், திறமைசாலி, அதனால் விதிவிலக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. விதிவிலக்கு கேட்டால் விதியை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஓர் அறிவியல் அறைக்குள் நுழைய, வேலை நிரந்தரமா கான்ட்ராக்டா என்ற கேள்வி எதற்கு?

ஜெயகணேஷைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விதியை மீற மாட்டேன் என்றவர், விதியை மாற்றத் தீர்மானம் கொடுத்திருக்கிறார். "பெர்மனெண்ட்" என்ற ஒரு சொல்லை நீக்கும் தீர்மானம். அது போனால் கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகளும் உள்ளே வரலாம். மன்றத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை கூடுகிறது. உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். போன பொதுக்குழு ஆள் சேராமல் கலைந்தது, டீதான் மீந்தது.

நீங்கள் உறுப்பினரா? அந்த ஞாயிறு வாருங்கள். கையை உயர்த்துங்கள். உறுப்பினர் இல்லையென்றால், குவார்ட்டர்ஸில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரையாவது சனிக்கிழமையே போய்ப் பார்த்து, மறுநாள் காலை எழுப்பி அனுப்புங்கள்.