மூன்று பாஷையில் ஒரு நல்ல வார்த்தை

லாரியோடு ஊர் ஊராகத் திரிந்ததில் பல பாஷைகளில் சாபம் வாங்கியிருக்கிறேன். எதற்கும் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் அம்மாவின் வாய்க்குத்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்குப் பின்னால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். காயவைத்த அரிசியைக் கிளறிய பக்கத்து வீட்டுக் கோழியை அம்மா "செத்துத் தொலை" என்றாள். சாயங்காலம் அது செத்துக் கிடந்தது. அம்மா சொன்னால் நடக்கும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதே வாரம் அப்பா குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையை உதைத்தார். எல்லோரும் பட்டினியாகப் படுத்தோம். அது புதிதல்ல. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா சொன்னதுதான் புதிது.

"போ, அப்டியே ஒழிஞ்சி போ. பொணமாத்தான் ஊட்டுக்கு வரணும் நீ."

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவருக்குத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. கூட வேலை செய்தவருக்கு அதில் விரல்கள் போனதை அவரே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடப் பையோடு தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அம்மா தமிழில் சொன்னதை நான் தமிழிலேயே மாற்றிச் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. வேறு பாஷை வேண்டும். முதல் வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் போய், எங்கள் அப்பா நன்றாக இருக்கவேண்டும் என்று உங்கள் பாஷையில் சொல்லுங்கள் என்றேன்.

"இன்னாடா, இஸ்கூலுக்குப் போவாம பாஷ கத்துகினு கீறியா?" என்று சிரித்தவள், "சல்லகா உண்டாலி" என்றாள். இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டளை போல இருந்தது. கொஞ்சம் தெம்பு வந்தது.

டீக்கடை மலையாளத்துக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே "நன்னாயி வரட்டே" என்றார். அது யாரிடமோ அனுமதி கேட்பது போல இருந்தது. போதாது என்று பட்டது.

கடைசி வீடு பாய் வீடு. அந்த வீட்டம்மா என் தலையில் கை வைத்து, "அல்லா சலாமத் ரக்கே", அல்லா பத்திரமாக வைக்கட்டும் என்றார். கட்டளையும் இல்லை, அனுமதியும் இல்லை. பொறுப்பை மேலே இருப்பவரிடமே கொடுத்துவிட்டார். நிம்மதியாகத் திரும்பும்போது அவரே சொன்னார்.

"இப்பத்தான் உங்கம்மாவும் வந்துச்சி. உங்க நைனா பேரச் சொல்லி, கயிறு ஓதி வாங்கிகினு போச்சு."

தமிழில் விட்டது போதாதென்று, அம்மா இங்கேயும் வந்து சாபத்தைக் கெட்டிப்படுத்தியிருக்கிறாள்.

கம்பெனிச் சங்கு ஊதும்வரை எஸ்டேட் ரோட்டிலேயே நின்றேன். அப்பாவின் சைக்கிள் வந்ததும் முதலில் ஹேண்டில்பாரைப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் இருந்தன. அழுதுகொண்டே பின்னால் ஏறிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "கைய நீட்டு" என்றாள். அவர் நீட்டினார். கறுப்புக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினாள்.

"வேணாம் நைனா, அவுத்துடு" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு இன்னொரு முடிச்சும் போட்டாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. மறுபடியும் சபிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.