ஆறு தோள் மாற்று, இரண்டரை மைல்

அன்றைக்கு அந்தப் பாதையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் சொல்லக் கூடாது.

கம்பளிக்குள் மாரியாயி. தோள் கொடுக்க நாலு பேர் — அவளுடைய மகன் செல்லையா, அடுத்த லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் மூன்று பேர். சுடுதண்ணீர்ப் போத்தலும் மாற்றுச் சேலையுமாக மருமகள் லெட்சுமி. எல்லோருக்கும் பின்னால், குடையும் துணிப்பையுமாக நான். ஆக ஏழு பேர். மூன்று வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை, காலை ஏழு மணி.

இரண்டு வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தீர்களாம். எனக்குச் சுகமில்லை என்று அவர் பதில் போட்டாராம். சுகமாகத்தான் இருந்தேன். எழுதத்தான் பயமாக இருந்தது.

நான் அட்டனில் மனு எழுதிப் பிழைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. மாதம் ஒரு தடவை, சம்பளம் போட்ட மறுநாள், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏறுவேன். மலை உச்சியில் முப்பத்திரண்டு வீடு. இந்தியாவுக்குக் கடிதம், பிரஜாவுரிமைப் பாரம், பெயர் மாறிப்போன பிறப்புச் சாட்சிப் பத்திரம்... எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓர் இரவு தங்கி மறுநாள் இறங்குவேன். அப்படித்தான் அன்றைக்கும் அங்கே இருந்தேன்.

மாரியாயிக்கு மூன்று நாளாக வயிற்று வலி. தோட்டத்து மருந்து கேட்கவில்லை. இனி இங்கே வைத்திருக்க வேண்டாம், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து மருந்தகத்தில் சொல்லிவிட்டார்கள். எப்படிக் கொண்டுபோவது? மேல் டிவிசனுக்கு வண்டி வராது. நீண்ட தடி ஒன்றில் கம்பளியின் இரண்டு முனையையும் முடிந்து, ஆளை உள்ளே கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்க வேண்டும். கீழே பெரிய ரோட்டுக்குப் போய் ஏதாவது ஒரு லொறியை மறிக்க வேண்டும்.

தூக்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னைய எதுக்குடா இம்புட்டுப் பேரு சேந்து தூக்குறீங்க? மூட்டையில கட்டிக் கம்பியில விட்டா அஞ்சு நிமிசத்துல ஸ்டோருக்குப் போயிருவேனே."

"பேசாம வா ஆத்தா" என்றான் செல்லையா.

"நான் எங்கடா வாறேன்? நீங்கதானே தூக்கிக்கிட்டுப் போறீங்க."

அவள் சொன்ன கம்பி என்ன தெரியுமா? மேலே பறிக்கிற கொழுந்தை மூட்டை கட்டி, ஓர் இரும்புக் கம்பியில் கொளுவி விடுவார்கள். மூட்டை காற்றில் மிதந்து நேராகக் கீழே தேயிலை ஸ்டோரில் போய் இறங்கும். ஆகவே மேல் டிவிசனுக்கு ரோட்டு வெட்டும் தேவை தோட்டத்துக்கு இல்லை. கொழுந்துக்கு வழி இருக்கிறது. பறிக்கிறவர்களுக்குத்தான் இல்லை.

இங்கே இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

நாடு முழுவதற்கும் ரோட்டுத் திட்டம் ஒன்று போடுகிறார்கள்; எந்த ரோட்டை அகலமாக்கலாம், எங்கே புதிய ரோட்டு வெட்டலாம் என்று ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பலாம் — இப்படி ஓர் அறிவித்தல் வந்தது. அந்த வாரம் அட்டன் தேநீர்க் கடைகளில் எல்லோரும் இன்ஜினியர்கள்தான். ஒருவர் திம்புள்ளப் பக்கத்து வளைவுகளையெல்லாம் நிமிர்த்தினார். இன்னொருவர் நல்லதண்ணிக்கு வருடம் முழுக்க பஸ் ஓடும்படி மலையைக் குடைந்தார். மேசையில் தேநீரைச் சிந்தி, விரலால் கொழும்பு வரைக்கும் கோடு இழுத்தவரும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியாயி என் மேசைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, எங்களுக்கு ஒரு ரோட்டு கேட்டு எழுதணும்."

"எவ்வளவு தூரம்மா?"

"ஆறு தோள் மாத்து."

எனக்குப் புரிந்தது. நாலு பேர் போனால் இரண்டு பேர் தூக்குவார்கள், இரண்டு பேர் தோளை ஆற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொள்வதற்கென்றே இடங்கள் உண்டு. மேல் டிவிசனிலிருந்து பெரிய ரோட்டுக்கு அப்படி ஆறு இடம், ஆறாவது இடம் ரோட்டேதான். அவளுடைய புருஷன் இப்படித் தூக்கிக்கொண்டு போகும்போது மூன்றாவது மாற்றில் உயிர் போனவர்.

"ரோட்டுக் கந்தோர் ஆபீசருக்கு அது விளங்காதும்மா. மைல் கணக்கு வேணும்."

"மைலு எங்களுக்கு எப்புடித் தெரியும்? கல்லா நட்டு வச்சிருக்காங்க? ஆறு மாத்துன்னே எழுதுங்க. வெளங்கலேன்னா ஏறி வந்து பாக்கட்டும். வந்ததுக்கு ஒரு தோளும் குடுத்துட்டுப் போகட்டும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாற்றுக்கு அரை மைல் என்று வைத்தாலும் மூன்று மைல் வருகிறது. மூன்று மைல் ரோட்டா... அரசாங்கத்திடமா... நாங்களா? வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத ஆட்கள் மூன்று மைல் ரோட்டுக் கேட்டால் சிரிப்பார்களா, கோபிப்பார்களா? பேனா அப்படியே நின்றுவிட்டது.

"என்னண்ணே, பேனாவுக்குக் காய்ச்சலா?" என்றாள்.

"சுமார் இரண்டரை மைல்" என்று எழுதினேன்.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அது புதிதாகச் செய்த காரியம் இல்லை. பத்து நாள் லீவு கேட்டு வருகிறவனுக்கு ஏழு நாள் என்று எழுதுவேன். எட்டுக் கூரைத் தகரம் ஒழுகினால் ஐந்து என்று எழுதுவேன். குறைத்துக் கேட்டால்தான் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. கேட்கிறவர்களும் அதையேதான் சொல்வார்கள் — "கொஞ்சமாவே போடுங்கய்யா, தோட்டத்துத் தொர கோவிச்சுக்குவாரு." இவள் ஒருத்திதான் அப்படிச் சொல்லவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். மைல் வந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். அவள் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷில் மூன்றே வரி. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மூன்று மைலுக்குக் குறைந்த பாதை தோட்டத்தின் சொந்தப் பொறுப்பு, அதற்கு மேற்பட்டதைத்தான் இத்திட்டத்தில் பரிசீலிக்க முடியும், ஆகவே வருந்துகிறோம்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அதேதான்.

மாரியாயியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தத் தடவை காசு போதாதாம். அடுத்த தடவை பாக்கலாமாம்."

"இல்லேன்னு சொல்லலேல்ல? அது போதும்ண்ணே" என்றாள். மேல் டிவிசன் முழுக்க அப்படியே சொல்லியும் விட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக முப்பத்திரண்டு வீடும் அடுத்த தடவைக்காகக் காத்திருந்தது. நானும் மாதம் ஒரு முறை ஏறி, அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

தூறல். நான் பின்னாலிருந்து முன்னே வந்து, கம்பளிக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் தோள் மாறும்போது அவளே எண்ணிச் சொன்னாள். "ஒண்ணு." கொஞ்ச தூரம் போய், "ரெண்டு." மூன்றாவது இடத்தில், "மூணு... இவரு இங்கனயே எறங்கிக்கிட்டாரு" என்றாள். லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாவது மாற்றில் அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

"நாலு... அண்ணே."

"சொல்லும்மா."

"பெட்டிசன்ல எத்தன மைலுன்னு எழுதுனீங்க?"

ஏன் அப்போது கேட்டாள்? வலியை மறக்க எதையாவது பேச வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வேறு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. இரண்டரை என்று எழுதியதைச் சொன்னேன். மூன்று மைல் என்ற விதியைச் சொன்னேன். கடிதத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். நடந்துகொண்டே சொன்னேன். தூக்கியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். யாரும் நிற்கவில்லை. நிற்க முடியுமா, ஆளைத் தோளில் வைத்துக்கொண்டு?

அவள் கழுத்தைத் திருப்பி என் தோளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க ஒரு நாளாச்சும் இந்தத் தடிய தோள்ல வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அதான்."

திட்டவில்லை. கோபமும் இல்லை. கணக்கு எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு சொல். அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

ஐந்தாவது இடத்தில் நின்றார்கள். அவள் எண்ணட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. லெட்சுமி கம்பளியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள்.

"திரும்பிருவோமாடா?" என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

"ரோட்டு வரைக்கும் போவோம்" என்றான் செல்லையா. "டாக்டரு சொல்லட்டும்."

கடைசித் துண்டுக்கு நான் குடையை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கத் தடியைக் கேட்டேன். செல்லையா என்னைப் பார்த்தான். விலகி இடம் விட்டான். ஐந்தாம் மாற்றிலிருந்து ரோட்டுக்கு எவ்வளவு தூரம்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கணக்கில் அரை மைலுக்கும் குறைவாக எழுதியிருந்த துண்டு அது. பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். செல்லையா தடியை வாங்கிக்கொண்டான்.

கீழே பெரிய ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. வேறு யாரோ சரியாகக் கேட்ட ரோட்டு. அகலமாக்கி, புதுத் தார் ஊற்றி, ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும், வேலையை மேற்பார்த்த சிங்கள ஓவசியர் கையைத் தூக்கி ரோலரை நிறுத்தினார். கிட்டே வந்து கம்பளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எங்கே இருந்து வாறது?"

"மேல் டிவிசன், மாத்தயா" என்றான் செல்லையா.

அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு தூரமா? ரோட்டு கேட்க இல்லையா நீங்க?"

செல்லையா என் பக்கம் திரும்பினான்.

"கேட்டோம்" என்றேன். "குறைச்சுக் கேட்டோம்."

அதற்குப் பிறகு டாக்டர் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. லொறியை மறிக்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு ஆறு மாற்றும் திரும்ப ஏறினார்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஓவசியரிடம் அளவுச் சங்கிலியைக் கேட்டோம். எண்பது சங்கிலி ஒரு மைல் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். செல்லையா ஒரு முனை, நான் ஒரு முனை. முந்நூற்றிரண்டு சங்கிலி. மூன்றே முக்கால் மைலும் இரண்டு சங்கிலியும்.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து புதிய மனுவை எழுதினேன். மூன்றே முக்கால் என்று எழுதி நிறுத்தினேன்.

"ரெண்டு சங்கிலி?" என்றான்.

"அது சில்லறைதானேப்பா..."

"அதையும் எழுதுங்கய்யா."

எழுதினேன்.

பழைய மனுவுக்கு நான் வாங்கிய கூலியை அவனிடம் நீட்டினேன். வீட்டுக்கு ஐந்து சதமாக மாரியாயி பிரித்துக் கொண்டுவந்த காசு. அவன் தொடவில்லை.

"இது எங்காத்தா காசு இல்லீங்க. முப்பத்திரெண்டு வீட்டுக் காசு. வீடு வீடாப் போயி, எதுக்குத் திருப்பித் தாறீங்கன்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

போகிறேன். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, வாரத்துக்கு இரண்டு தடவை ஏறுகிறேன். ஒரு வாசலில் நின்று, காசை நீட்டி, நடந்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வாசலுக்கு நகர்கிறேன். ஒரு வீட்டில், "அஞ்சு சதத்துக்கு எத்தன மைலு கொறைப்பீங்க?" என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் காசை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், "நான் எழுதியிருந்தா ரெண்டுன்னுதான் எழுதியிருப்பேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

இருபத்தொரு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் கொடுக்க வேண்டியது பதினோரு வீட்டுக்கு — ஐம்பத்தைந்து சதம்.