அடிச்சட்டிப் பருப்பு

டிசம்பர் முப்பத்தோராம் தேதி, பின்னேரம் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அடுப்பு அணைந்தது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அம்மா அப்போதுதான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "நாலு மணிக்குச் சோறு இறக்கிப்போடுவன்" என்று சொன்னதுதான். சொல்லி வாய் மூடவில்லை, நீலச் சுவாலை ஒருதரம் மஞ்சளாகித் துள்ளியது, பிறகு இல்லை. அறையைச் சூடாக்கும் அடுப்பும் அதே காஸ் சிலிண்டரில்தான் எரிந்தது. அதுவும் போயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது எனக்கே பதின்மூன்று வயதில் ஒரு மகள். போன கிழமை அவள் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கப் போய் வந்தாள். வாடகை வீடு, பிள்ளைகள் தாங்களே சமைத்துச் சாப்பிடலாம் என்றார்கள். நான் அரிசி, மைசூர்ப் பருப்பு, மஞ்சள்தூள் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, எதை எத்தனை நிமிடம் அவிப்பது என்று மேலே எழுதி அனுப்பினேன். திரும்பி வரும்போது பஸ் பனியில் ஐந்து மணித்தியாலம் நின்றுவிட்டது. தொலைபேசி எடுபடவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் நான் நின்ற அந்த ஐந்து மணித்தியாலம் இன்னும் என் கைகளை விட்டுப் போகவில்லை. அவள் சிரித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், பருப்புப் பொட்டலம் கட்டியது கட்டியபடியே கிடந்தது. இத்தனை நாளும் என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. பொட்டலத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கேட்காமல் இருக்க எங்கே பழகினேன் என்று யோசித்தபோதுதான் அந்தப் பின்னேரம் திரும்பி வந்தது.

இத்தாலியில் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்கு மதோனியே மலையில், பனிச்சறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வீடு இருந்தது. நல்ல மனுசி. "பிள்ளை பனியைப் பார்க்கட்டும். நாங்கள் இரண்டாம் தேதி வருவோம். நீங்கள் மூன்று நாள் முன்னதாகவே போய் அனுபவியுங்கள்" என்று சாவியைக் கொடுத்தார். அப்படியே யன்னல்களைத் திறந்து, தூசி தட்டி, படுக்கைகளை விரித்து வைத்தால் உதவியாக இருக்கும் என்றும் சொன்னார். எங்கள் குடும்பத்தின் முதல் விடுமுறைக்கு அம்மா நிலம் துடைக்கும் துணியும் எடுத்துக்கொண்டு போனார். அப்பா படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைப் பார்க்கும் வேலையில் இருந்தார். அவர் சிஞ்ஞோரா குடும்பத்தோடு இரண்டாம் தேதி வருவதாக ஏற்பாடு. நாங்கள் இருந்த பிரான்காச்சோவில் என் வகுப்பில் ஒரு பிள்ளை மிச்சம் விடாமல் எல்லோரிடமும் நான் ஸ்கீ போகிறேன் என்று சொல்லி முடித்திருந்தேன்.

அது திருவெம்பாவைக் காலம். அந்தப் பத்து நாளும் அம்மா ஒருநேரச் சாப்பாடு, அதுவும் சைவம். மற்ற வருடங்களில் இவ்வளவு கடுமை இல்லை. அந்த வருடம் அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் சண்டைக்குள் அகப்பட்டு எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. அவரிடமிருந்து ஒரு சொல் வரவேண்டும் என்றுதான் இந்த விரதம். எனக்கும் அதில் பங்கு இருந்தது. "பத்து நாளைக்கு நீயும் மச்சம் தொடக்கூடாது பிள்ளை. மாமா வரவேணுமெல்லோ" என்று அம்மா சொல்லியிருந்தார். மீனும் இறைச்சியும் எங்களுக்கு மச்சம். பள்ளிக்கூடம் லீவு, அந்த நாட்களில் வீட்டில் மச்சம் சமைப்பதுமில்லை; அதனால் அது எனக்குப் பெரிய தியாகமாக இருக்கவில்லை. ஆனால் மாமா உயிரோடு இருப்பதும் இல்லாததும் என் வாயில் இருக்கிறது என்பதை நான் சொல்லுக்குச் சொல் நம்பினேன்.

சிஞ்ஞோரா வீட்டுச் சட்டிகள் மச்சம் சமைத்த சட்டிகள். எனவே அம்மா எங்கள் சைவச் சட்டியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, அரைப் பாண், சியாகுல்லித் தோட்டத்தில் அப்பா வாங்கிய இன்னும் புளிப்பு மாறாத மண்டரின் தோடம்பழம். மூன்று நாளுக்குத் தாராளம், அடுப்பு எரிந்தால்.

முதல் நாள் நான் ஸ்கீ செய்தேன். சிஞ்ஞோராவின் மகளுடைய பழைய பலகைகளைக் காலில் மாட்டி, வாசலில் நான்குதரம் விழுந்தேன். அம்மா உள்ளே நிலம் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலையிலிருந்து பனி விடாமல் கொட்டியது. மதியம் மின்சாரம் போனது. பின்னேரம் காஸ்.

அம்மா சட்டி மூடியைத் திறந்து ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தார். நடுவில் வெள்ளைக் குறுணி. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாண் முழுவதையும் நான்தான் முடித்திருந்தேன்.

"போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றார். அம்மாவுக்கு இத்தாலியன் விளங்கும், கதைக்கத்தான் வெட்கம். அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காவலாக ஒரு மீசைக்காரர் இருந்தார். பனிச்சறுக்க வருபவர்களை மேலே கொண்டுபோகும் நாற்காலிகளை இயக்குவதும் அவர்தான். நான் முழங்கால் புதைய நடந்து போய்க் கதவைத் தட்டினேன். சிலிண்டரா? பாதை திறந்த பிறகுதான், இரண்டாம் தேதி, என்று கையை விரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்றார். நான் உண்மையைச் சொன்னேன். கூடவே அம்மா சொல்லித்தந்தபடி, இறைச்சி சாப்பிட மாட்டோம் என்றும் சொன்னேன்.

"இறைச்சியா? இன்றைக்கு யார் இறைச்சி சாப்பிடுகிறார்கள்? இன்றைக்கு லென்திக்கியே!" என்று சிரித்தார்.

ஆறு மணிக்குத் துவாயில் சுற்றிய ஒரு சட்டியோடு வந்தார். வருடக் கடைசியில் இந்த நாட்டில் எல்லோரும் லென்திக்கியே என்ற பருப்பைச் சாப்பிடுவார்கள்; சாப்பிட்டால் நல்ல காலம் வரும் என்பார்கள். அவர் சட்டியை மேசையில் வைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டு, பனிக்குள் போய்விட்டார்.

அம்மா மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. பருப்பு."

எனக்கு ஒரு கோப்பை நிறைய வார்த்தார். அகப்பையை ஆழ விடாமல், மேலால் மேலால், மெதுவாக அள்ளினார். நான் அவருடைய கோப்பையைப் பார்த்தேன். வெறும் கோப்பை.

"நீங்களும் சாப்பிடுங்கோ."

"எனக்குப் பசியில்லை. நீ சாப்பிடு."

"நேற்றையிலிருந்து சாப்பிடேல்லை நீங்கள். இது சைவம்தானே? நீங்கள் சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவன்."

"உனக்கென்ன விசரே? ஆறப்போகுது, சாப்பிடு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டேன். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. ஆனாலும் பிடிவாதத்தை விடவில்லை. அம்மாவை நான் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம் எனக்கு. அம்மா என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு அகப்பையை அடிவரை விட்டு, மிச்சமிருந்த முழுவதையும் தன் கோப்பையில் வழித்துப் போட்டுக்கொண்டார். அடிச்சட்டி எப்போதும் அம்மாவுக்குத்தான். அதில் எனக்கு அதிசயம் ஒன்றும் இல்லை.

என் கோப்பை பாதியானபோதுதான் அது பல்லில் பட்டது. சுண்டுவிரல் நகமளவு. மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தேன்: இளஞ்சிவப்பு, ஒரு ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டறையில் பார்த்திருக்கிறேன். பன்றி. நிமிர்ந்தேன். அம்மா குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு கரண்டியாக, மருந்து குடிப்பதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவர் சாப்பிடும் முதல் சாப்பாடு. சொன்னால் எழுந்து வெளியே போய்க் கக்கிவிடுவார் என்று நினைத்தேன். அந்தத் துண்டை எடுத்து இடக்கைக் கையுறைக்குள் தள்ளிக்கொண்டேன். அம்மாவின் கோப்பையில் ஒன்றும் இருக்கக்கூடாது பிள்ளையாரே என்று கும்பிட்டேன்.

அடுத்த நாள் காலை அம்மா தலைமுழுகினார். வெந்நீர் இல்லை. குழாயில் வந்த பனித்தண்ணீரை வாளியில் பிடித்து, தலையில் அப்படியே ஊற்றினார். சுவருக்கு அப்பால் அவருடைய மூச்சு விட்டுவிட்டு வந்தது எனக்குக் கேட்டது. வருடப்பிறப்புக்காக்கும் என்று நினைத்தேன்.

பத்து மணிபோல் மீசைக்காரர் சட்டியை வாங்க வந்தார். அம்மா அதை வெளியே கொண்டுபோய்ப் பனியில் தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தார். அவருக்குச் சந்தோசம். "நீங்கள் சொன்னபடியே கொத்தெகீனோத் துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன், அடியில் கொஞ்சம் தூள், வாசத்துக்கு மட்டும்தான் விட்டேன். நன்றாக இருந்ததா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"புதுவருச வாழ்த்துச் சொல்லுறார்."

"ஓம்" என்றார் அம்மா. பிறகு அவரைப் பார்த்து, "கிராத்சியே" என்றார். அவ்வளவுதான்.

கொத்தெகீனோ என்றால் தடித்த பன்றிச் சொசேஜ். அதை வருடக் கடைசியில் சிஞ்ஞோரா வீட்டில் மூன்று மணித்தியாலம் அவிப்பது என் அம்மாவின் வேலை. ஐந்து வருடமாக அவித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் அந்த மணம் போகத் தலைமுழுகிவிட்டுத்தான் விளக்கேற்றுவார். இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும், மூடியைத் திறந்து அவர் ஏன் அசையாமல் நின்றார், எனக்கு ஏன் மேலால் அள்ளினார், அடியை ஏன் தன் கோப்பைக்கு எடுத்தார் என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை. என்னுடைய பங்கு விரதம் முறியக்கூடாது என்று தன்னுடையதை முறித்தார். அதை முறிக்க வைத்தவள் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்தாள். அவளோ கையுறைக்குள் ஒரு துண்டை ஒளித்து, மாமாவைத் தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா சித்திரையில் கொழும்பிலிருந்து எழுதினார். இப்போது கனடாவில் இருக்கிறார். மரக்கறிச் சாப்பாடு என்றால் முகத்தைச் சுளிப்பார். அம்மாவும் நானும் அந்தப் பருப்பைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. அம்மா போய் மூன்று வருடமாகிறது.

ஆனால் இரண்டாம் தேதி மதியம் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. பனி அதிகம் என்று சிஞ்ஞோரா குடும்பம் வரவில்லை. விரித்த படுக்கைகள் விரித்தபடி கிடந்தன. அப்பா மட்டும் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் நடந்து, மீசைக்காரர் கொடுத்த சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து சேர்ந்தார். அதை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, அம்மா கேட்கும் முன்பே தலையை ஆட்டினார். "கடிதம் ஒண்டும் வரேல்லை."

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். "அம்மா, நான்..." என்றேன். அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. சோப் மணத்தது. "பிள்ளை களைச்சுப்போனாள்" என்றார் அப்பாவிடம்.

அப்பா அடுப்படியில் இருந்த சைவச் சட்டியைத் திறந்து, வேகாத சோற்றைப் பார்த்தார். பிறகு, அன்று காலையும் முழுகியதில் ஈரம் காயாத அம்மாவின் தலையைப் பார்த்தார். அவருடைய முகம் இளகிவிட்டது.

"இந்தக் குளிருக்குள்ளையும் முழுகி, பட்டினி கிடந்து விரதம் பிடிச்சிட்டீர்" என்றார். "நாளையோடை முடியுதுதானே. இவ்வளவு கவனமா இருந்ததுக்குக் கட்டாயம் வரும், பாரும்."