முழங்காலில் இருந்த முதலாம் கியர்

1. ஒழுங்கையின் மேல் முனை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் சற்று ஏற்றமாகத்தான் காலி வீதியில் வந்து சேரும். அந்த ஏற்றத்தில் நின்று, இடைவெளி பார்த்து, முதலாம் கியரில் எடுப்பதுதான் எங்கள் லேனர்ஸ் பயிற்சிப் பள்ளியில் கார் பழகும் பெண்களுக்குப் பெரிய பயம். பயிற்றுநரான எனக்கு அவர்களைவிடப் பயம். என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பாடம் முடியும்வரை என் பாதம் அதை விட்டு நகராது. டேகெயாரில் விட்டு வந்த மகளின் முகம் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு தடவை வந்து போகும்.

அன்று ஓட்டியவர் ரிஸ்மினா. அவர் கணவர் கட்டாரில். மகனுக்குக் கால்களில் பலமில்லை. கால் பயிற்சிக்காக அவனை அடிக்கடி களுபோவில ஆஸ்பத்திரிக்குத் த்ரீவீலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் லைசன்ஸ். இரண்டு நாளில் ட்ரையல், ஓட்டிக் காட்டும் பரீட்சை.

முதலாம் கியர் என்று நினைத்துக் கிளச்சை விட்டார். விழுந்திருந்தது மூன்று. கார் குலுங்கி நின்று பின்னால் சரிந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் நின்ற த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"நீங்க பழகி முடியுமட்டும் நாங்க கடலுக்குள்ள போய் நிக்கவா?"

"முழங்கால் வரைக்கும் தள்ளினீங்களா?" என்று ரிஸ்மினாவிடம் கேட்டேன்.

"தள்ளினேனே மிஸ். உங்கட கால் எங்க ஈக்குதெண்டு பாத்துத்தான் தள்ளினேன்."

இதை விளக்க வேண்டும். அந்தப் பழைய காரின் கியர் லீவர் அவ்வளவு தளர்வாக இருந்தது. மெல்ல இடப்பக்கம் சாய்த்து முன்னால் தள்ளினால் மூன்று விழும். என் வலது முழங்காலில் இடிக்கும்வரை சாய்த்தால்தான் ஒன்று. ரிவர்ஸ் அதற்கும் இடப்பக்கத்தில். அதற்கு நான் காலை ஒதுக்கிக்கொள்ள, அவர்கள் இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். "முழங்காலைத் தொட்டால் ஒன்று" என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். இலகுவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று லேனர்ஸ் உரிமையாளர் செல்வண்ணையிடம் போய் நின்றேன்.

"இதில பழகி எத்தினை பேர் லைசன்ஸ் எடுத்திட்டினம். உமக்கு மட்டும் ஏன் தங்கச்சி இப்பிடிப் பயம்?"

"ஏத்தத்தில மூண்டு விழுந்தால் கார் பின்னால போகுது அண்ணை. ஒருநாள் ஆரையும் இடிச்சிட்டால்?"

"சரி, சரி. கொட்டாஞ்சேனையில கராஜ் பாஸிட்டக் கொண்டுபோய்க் காட்டும்."

2. கொட்டாஞ்சேனை

பாஸ் லீவரின் அடியில் இருந்த ரப்பர் உறையைக் கழற்றிக் காட்டினார். லீவர் அசையாமல் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து தூளாகிக் கிடந்தது. கியர்பொக்ஸுக்குப் போகும் கம்பியின் முனையிலும் அதே கதை. இரண்டு இடத்துக்கும் புதுப் புஷ் போட்டு, கிறீஸ் வைத்து, போல்ட்டை இறுக்கினார்.

"ரிவர்ஸுக்குப் போறத தடுக்கிற ஸ்பிரிங் கொஞ்சம் சோந்து கிடக்கு நோனா. பரவாயில்ல, ஓடலாம்."

"போல்ட் கழராதே?"

"கழராது."

"இன்னொருக்கா இறுக்கிப் பாருங்களன்."

"இதுக்கு மேல இறுக்கினா உடைஞ்சிரும். உங்க வீட்டுக்காரர் பாவம் நோனா."

காரை நானே வெள்ளவத்தைக்கு ஓட்டி வந்தேன். லீவர் சின்ன அசைவுக்கே சொன்ன இடத்தில் போய் விழுந்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் ஒன்றையும் யோசிக்கவில்லை.

3. ட்ரையல் அன்று காலை

போகும் வழியில் அதே ஒழுங்கையில் ஒரு தடவை நிறுத்தி எடுக்கச் சொன்னேன். ரிஸ்மினா லீவரை என் முழங்கால் வரை சாய்த்து முன்னால் தள்ளினார். ஹேண்ட்பிரேக்கை இறக்கிக் கிளச்சை விட்டார். கார் பின்னால் பாய்ந்தது.

என் பாதம் பிரேக்கில் இருந்ததால் மட்டும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் ஒரு த்ரீவீல். உள்ளே வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். அவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு லீவரின் தளர்வில் வீணாய்ப் போன தூரம் இப்போது வீணாகவில்லை. முழங்காலில் இப்போது இருந்தது ரிவர்ஸ். சோர்ந்த ஸ்பிரிங்கால் அதைத் தடுக்க முடியவில்லை.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, முழங்கால் எண்டு." அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஏற்றினார். "ட்ரையல்ல பக்கத்துல ஈக்கிற பரிசோதகர் சேர்ட முழங்காலுக்கு நான் என்ன செய்ய?"

அது எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. செல்வண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அப்ப பாஸிட்டச் சொல்லிப் பழையபடி தளர்த்தி விடுவமோ?" என்று சிரித்தார். பிறகு, "இண்டைக்கு விட்டால் அடுத்த திகதி எப்ப எண்டு தெரியாது. பாத்துச் செய்யும்," என்றார்.

இன்று போக வேண்டாம் என்று ரிஸ்மினாவிடம் சொன்னேன். சொன்னதும் அது சரியா என்று தெரியவில்லை. அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"ஏலா மிஸ். மகன் கனத்திட்டான். எனக்குத் தூக்க ஏலாமப் போகுது. நீங்க காலை அங்கால எடுங்க. சரியாச் சொல்லித் தாங்க."

கால்கள் இரண்டையும் கதவோரம் ஒடுக்கினேன். ஒரு பாதம் மட்டும் பிரேக்கில். லீவரைப் பற்றிச் சொல்வதை விட்டேன். "ஹேண்ட்பிரேக் மேலேயே இருக்கட்டும். கிளச்சைப் பாதி விடுங்க. முன்னால போற கியர் எண்டால் காரின்ர மூக்கு எழும்பும். எழும்பாட்டி விடாதீங்க." திரும்பத் திரும்பச் செய்தோம். இரண்டு தடவை பிழை விழுந்தது. இரண்டு தடவையும் அவரே பிடித்துக்கொண்டார்.

ட்ரையலில் என் இடத்தில் பரிசோதகர் ஏறினார். நான் வெளியே நின்றேன். என் பாதத்தின் கீழ் வெறும் தரை. ஏற்றத்தில் கார் நின்றது. பின்பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது. ரிவர்ஸ். பின்னால் அடுத்த கார் நின்றது, அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

விளக்கு அணைந்தது. கார் சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்ல மேலே ஏறிப் போனது.

திரும்பி வந்ததும் ரிஸ்மினா சொன்னார்: "மூக்கு எழும்பல்ல மிஸ். அதான் விடல்ல. ஏன் லேட் எண்டு சேர் கேட்டார். பாத்துட்டுப் போறேன் எண்டேன்." பாஸ் ஆகியிருந்தார்.

அந்த வாரம் முழுவதும், முன்பு என்னிடம் பழகி லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு, முழங்கால் கணக்கை மறக்கச் சொல்லிப் போன் செய்தேன். அவர்கள் இப்போது வேறு கார்களில், பின்சீட்டில் பிள்ளைகளோடு போகிறவர்கள். பலர் சிரித்தார்கள். "அதுவா மிஸ், நான் ரெண்டு தரம் வீட்டு கேட்டில இடிச்சனான்," என்றார் ஒருவர். ஒருவரின் இலக்கம் பாவனையில் இல்லை. அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரின் குறைக்கு ஏற்றபடி ஒருவரின் கையைப் பழக்காதீர்கள். எந்தக் காரிலும் மாறாததைப் பழக்குங்கள். திருத்தி வந்த காரை, உங்களுக்குத் தெரிந்தபடி அல்ல, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நமது கை தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். அது நமக்குத் தெரியவும் வராது.