பிரேசிலுக்கு ஒரு கம்பளி ஜக்கெற்

சுவிசில், பாடனில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பிரேசிலின் தெற்கே, குரிச்சிபா என்ற நகரத்திலும் ஒரு கிளை இருக்கிறது. அங்கே சில வருடங்கள் தங்கி, புதிதாகச் சேருகிறவர்களுக்கு மெஷின் பாகங்களைப் பொருத்திப் பூட்டப் பழக்க முடியுமா என்று அவரைக் கேட்டிருந்தார்கள். இத்தனை காலமும் மற்றவர்கள் சொல்லச் சொல்லப் பூட்டியவர். பழக்கிவிடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அன்று சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்.

"நீர் ஓமெண்டால் ஓம். இல்லாட்டி விட்டுடுவம். மாதம் முடியமுதல் மறுமொழி சொல்ல வேணும்."

அடுப்பை நிற்பாட்டினேனா என்று பஸ் தரிப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். ஜெர்மனையே வேலைத்தலத்தில் பொறுக்கித்தான் பழகினேன். இனிப் போர்த்துக்கீசம் எப்படி ஏறும்? டொக்டரிடம் எந்தப் பாஷையில் வருத்தத்தைச் சொல்வது? வீதியில் பறிப்பார்களாமே? மிளகாய்த்தூள் முடிந்தால்? நான் கேட்கக் கேட்க அவர் "பாப்பம், பாப்பம்" என்றார்.

ஒரே ஒரு ஆறுதல் வெக்கை. குளிர் தொடங்கினால் என் முழங்கால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பிரேசில் என்றால் எங்கள் ஊர்போலக் கொளுத்தும் என்று சொல்லாத தமிழ் ஆள் இங்கே இல்லை. நானும் நம்பினேன்.

எங்கள் சனத்தில் ஒருவர் நாடு மாறுகிறார் என்று கதை அடிபட்டால் போதும், சாமான் கேட்டுப் போன் வரத் தொடங்கிவிடும். இன்டர்லாக்கனில் இருக்கும் என் கணவரின் தங்கை போனோடு நிற்கவில்லை, நேரிலேயே வந்துவிட்டாள்.

"உங்களுக்கு இனி ஏன் மச்சாள் இந்தத் தடிச்ச ஜக்கெற்றுகள்?"

கம்பளி ஜக்கெற், சொக்ஸ் எல்லாவற்றையும் சந்தோஷமாக மடித்துக் கொடுத்தேன்.

முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. என்னோடு இஸ்திரி போடுகிறவள் பிரேசில்காரி. அவள் குரிச்சிபாப் பக்கம்தான் என்பது, நான் வெக்கையைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன பிறகே தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனி, ஆடியில் அங்கே குளிர்காலமாம். பனி கொட்டாது. ஆனால் வீடுகளை ஒருவரும் சூடாக்குவதில்லை. அவளுடைய தாய் ஜக்கெற்றோடுதான் சமைப்பாளாம். தோய்த்த உடுப்பு இலேசில் காயாது, சுவர் மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். இந்த நாட்டில் குளிர் வாசலோடு நின்றுவிடும், அங்கே அது உங்களோடு கட்டிலில் படுக்கும் என்றாள்.

போவதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டதே.

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பாட்டு மேசையில் போல்ட், நட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். எப்படிப் பழக்குவது என்று பார்ப்பதற்காக அந்த வாரம் முழுக்க எனக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த மனுசன்.

"அப்ப விடுவம்" என்றார். ஒவ்வொரு நட்டாகப் பொறுக்கிப் பொக்கற்றில் போட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் அந்தப் பிரேசில்காரியை நான் விடவில்லை. துவாய் மடிக்க மடிக்கக் கேட்டேன், அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் நல்லம், ஆனால் வீதியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதே. டொக்டருக்கும் மொழிபெயர்க்கிற ஆளுக்கும் கொம்பனி ஒழுங்கு செய்யுமா என்று போகமுதலே கேள். மரவள்ளி எந்தக் கடையிலும் கிடைக்கும். வீடு பார்த்தால் வடக்குப் பக்கம் யன்னல் இருக்கிறதா என்று முதலில் பார், அங்கே வெயில் வடக்கால்தான் வரும்.

சுவிசுக்கு வந்தபோது எதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. பயம் போகவில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

இனி ஜக்கெற். புதிதாக ஒன்று வாங்கலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும், வாங்கி அலுமாரியில் கொழுவிவிட்டு இன்னும் யோசித்துக்கொண்டிருப்பேன். கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்பதோ எங்கள் சனத்தில் பெரிய வெட்கக்கேடு. அப்படிக் கேட்டு வாங்கிவிட்டுப் போகாமல் நின்றால் பிறகு கோயிலிலும் கலியாணவீட்டிலும் தலைகாட்ட முடியாது. பின்வாங்க விடாத அந்தக் கட்டுத்தான் எனக்குத் தேவைப்பட்டது. சனிக்கிழமை இன்டர்லாக்கனுக்கு ரயில் ஏறினேன்.

"என்ன மச்சாள், பயணம் இல்லையோ?"

"போறன். அதுதான் ஜக்கெற் வேணும்."

"பிரேசிலுக்கோ? அங்கை ஆக்கள் உடுப்பே போடுறேல்லை. டீவியிலை பாக்கேல்லையோ?"

"அது வேறை பக்கம். நாங்கள் போற இடத்திலை வீட்டுக்குள்ளையும் குளிராம்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான். கனடா வரைக்கும் கதை போகும், சொல்லிப்போட்டன்."

"போகட்டும். குரிச்சிபாவுக்குப் போறாள் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜக்கெற்றை எடுத்து வந்தாள். கழன்றிருந்த பொத்தானைத் தைத்து வைத்திருந்தாள். "சொக்ஸ் தரமாட்டன். போட்டுப் பழகிட்டன்" என்றாள்.

பையில் அது அடங்கவில்லை. போட்டுக்கொண்டே வந்தேன். வைகாசி வெயில். ரயிலில் எல்லோரும் அரைக்கையோடு இருக்க, எனக்கு முதுகால் வேர்வை ஓடியது. பாடன் ஸ்டேஷனில் என்னைக் கூட்டிப்போக வந்து நின்ற கணவர் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, காய்ச்சலோ?"

"இல்லை. திங்கட்கிழமை அவையளுக்கு ஓமெண்டு சொல்லுங்கோ" என்றேன். "வீடு மட்டும் வடக்குப் பக்கம் யன்னல் உள்ளதாய்க் கேளுங்கோ."