கனடாவில் தங்கிவிட்ட அத்தையின் தலை

இந்த நாட்டில் சோபாவின் அடிவயிற்றில்கூட ஒரு சீட்டைத் தைத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் சோபாவின் சீட்டில் ‘எஸ்’ என்று ஒரே ஓர் எழுத்து. தண்ணீர் ஆகாது, ஸ்பிரிட் மாதிரி ஏதாவது போட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று அதற்குப் பொருளாம். நான் அதைப் படித்தது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்து முடித்த பிறகு.

நான் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிக்காரி. எங்களுக்கு அழுக்கு என்றால் தண்ணீர்தான். கட்டில், பாய், சைக்கிள், மாடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் வயலில் மோட்டார் ஓடும் இடத்துக்கு இழுத்துப்போய்த் தேய்ப்போம். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே மோட்டாரும் இல்லை, அந்த வெயிலும் இல்லை. காய்ந்ததும் சோபாவின் மைக்ரோஃபைபர் துணியில் தண்ணீர்த் தடம் வட்டம் வட்டமாக விழுந்து, துணி வறட்டி மாதிரி விறைத்துக்கொண்டது. சோபா எங்களுடையதுகூட இல்லை, சாமான்களோடு வாடகைக்கு எடுத்த வீடு. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் டோரீன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுத்தான் இன்னும் ஓராண்டு இருக்கலாமா என்று சொல்வார். இல்லையென்றால் பனியில் வீடு தேடி அலைய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆலத்தியூரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த என் மாமியார். தினமும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு சோபாவில் ஒரே இடத்தில் தலை சாய்ப்பார். அங்கே விழுந்த எண்ணெய் வட்டத்தைப் போக்கத்தான் நான் வாளியைத் தூக்கினேன்.

“ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்தக் கூடாதா செல்வி? உங்க மாமா சிமெண்டு லாரி ஓட்டிட்டு வந்தா, சட்டைய ஒதறாம நனைப்பேனா நானு? நனைச்சா கட்டிக்கும். எதையும் ஒதறிட்டுதாம்மா தண்ணி காட்டணும்” என்றார் அத்தை. குற்றவாளியே தீர்ப்புச் சொன்னதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொன்னது சரியாக இருந்ததால் அது இரண்டு மடங்கானது.

ஞாயிறு காலை மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்தேன். “சோபாவுக்கு ஊசி போடப் போறியா?” என்று அத்தை கேட்டார். வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். எண்ணெயும் போயிற்று, தண்ணீர்த் தடமும் போயிற்று. விறைப்பு மட்டும் போகவில்லை. காய்ந்ததும் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அத்தை தன் சீப்பால் சோபாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். துணி பூப்போல மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் அந்தச் சீப்பு பல வருடம் எண்ணெய் குடித்த சீப்பு. பழையதைவிடப் பெரிய வட்டம் புதிதாக மின்னியது.

அழைப்பு மணி அடித்தது. டோரீன்தான். அத்தை சட்டென்று சோபாவில் உட்கார்ந்து வட்டத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஊரில் விருந்தாளியை வாசலில் கண்டாலே எழுந்து நிற்கிறவர், டோரீன் கை நீட்டியும் அசையவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார். கழுத்துகூடத் திரும்பவில்லை. “இவருக்கு முதுகு வலியா?” என்று டோரீன் கவலையோடு கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைச் சோகம் என்று எடுத்துக்கொண்டு, மாடிக்கு ஓடிப்போய் வெந்நீர்ப் பை கொண்டுவந்து அத்தையின் முதுகுக்குப் பின்னால் செருகினார். இந்த நிலையில் இவரை வைத்துக்கொண்டு எங்கே வீடு தேடுவீர்கள், இன்னும் ஓராண்டு இருங்கள் என்றார். வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தம்மா என்ன சொல்லுது?”

“இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க அத்த.”

“அய்யய்யோ, ஊர்ல பருத்தி எடுக்கணும். நான் போவணும்னு சொல்லு!”

மிச்ச நாளெல்லாம் டோரீனைக் கண்டால் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அவர் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீடியோவில் பேசும்போது முதல் கேள்வியே, “என் தல அங்க பத்திரமா இருக்கா?” என்பதுதான். நான் போனைச் சோபாவில் இருக்கும் எண்ணெய் வட்டத்தின் பக்கம் திருப்புவேன். ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

நேற்றும் காட்டினேன். “பக்கத்துல சின்னதா இன்னொன்னு இருக்கே, அது யாரோட தல?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அத்தை விட்டுப்போன எண்ணெயைக் காலையில் தேய்த்துக்கொண்டு நான்தான் அங்கே சாய்ந்திருந்தேன்.